ஜோஷுவாவுக்கு 10வது ரவுண்டில் என்ன ஆச்சு? ஹெவிவெயிட்டில் தசை, தம், ஒரு நிமிஷ ஓய்வு

மூணாவது_மணி

2022 ஆகஸ்ட் 20, சவூதியின் ஜெட்டா. குத்துச்சண்டையின் அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் உக்ரைனின் உசிக் – பிரிட்டனின் ஜோஷுவா இரண்டாவது சண்டை. பார்த்தவங்களுக்கு அந்த 9வது ரவுண்டு மறந்திருக்காது. ஜோஷுவா உடம்புலயும் தலையிலயும் மாத்தி மாத்தி இறக்கினார். உசிக் பின்வாங்கிக்கிட்டே இருந்தார். அவ்வளவுதான், ஆள் காலின்னு நினைச்சேன். மணி அடிச்சுது. ஒரு நிமிஷம் கழிச்சு 10வது ரவுண்டுக்கு எழுந்து வந்தது வேற உசிக். நிறுத்தாம குத்தினார். தடுமாறினது ஜோஷுவா.

அடி வாங்கினவர் அந்த ஒரு நிமிஷத்துல மீண்டுட்டார், அடிச்சவர் மீளல. எடை பார்த்தா உசிக் 221.5 பவுண்டு, ஜோஷுவா 244.5. கிலோவில் சுமார் 100.5, 111.

எங்க குரூப்ல எல்லாரும் சொல்ற ஒரே பதில்: "மசில் ஜாஸ்தி, ஆக்சிஜனைக் குடிச்சிடும்." எனக்கு இது பாதி பதிலாத்தான் படுது. 2017 ஏப்ரல்ல முன்னாள் சாம்பியன் கிளிச்கோவோட மோதினப்ப இதே ஜோஷுவா 250 பவுண்டு. இதைவிடக் கனம். அன்னிக்கு 11வது ரவுண்டில் ஆளை நிறுத்தினாரே, அது எப்படி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரசிகர் சண்டை வேண்டாம்.

இரும்பு_பிரியன்

"மசில் ஆக்சிஜன் குடிக்கும்"ங்கிறது ஜிம் பக்கமே போகாதவங்க கிளப்பிவிட்ட கதை. ஹோலிஃபீல்டைப் பாருங்க. ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே, குரூஸர்வெயிட்ல 190 பவுண்டுல இருந்தவர். உடம்பு ஏத்தித்தான் ஹெவிவெயிட்டுக்கு வந்தார். 1992 நவம்பர்ல ரிடிக் போவ் கூட அவர் போட்ட 10வது ரவுண்டை யூட்யூப்ல தேடிப் பாருங்க, அப்புறம் பேசுவோம். போவ் 235, ஹோலிஃபீல்ட் 205. சாகுற மாதிரி அடி வாங்கி, அதே ரவுண்டுலயே திருப்பி அடிச்சார். (சண்டை தோத்தார், அது வேற விஷயம்.)

இன்னொண்ணு. மசில்தான் பிரச்சினைன்னா தொப்பை என்ன புண்ணியம் பண்ணுச்சு? ஆண்டி ரூயிஸ் 2019 ஜூன்ல 268 பவுண்டு. ஜோஷுவாவை நாலு தடவை விழ வச்சார். சரி, தொப்பை ஜெயிச்சிடுச்சுன்னு வச்சுக்கலாம். அதே வருஷம் டிசம்பர்ல சவூதியின் திரியாவில் மறு சண்டை. ரூயிஸ் 283.5 பவுண்டு. ரிங்கை மறிச்சு ஜோஷுவாவைப் பிடிக்கவே முடியல. 12 ரவுண்டும் பின்னாடியே நடந்தார். கொழுப்பு குத்தவும் குத்தாது, ஓடவும் விடாது. மசிலாவது வேலை செய்யும்.

வியாசர்பாடி_சவுத்பா

தம்பி பிரியன் சொல்றதுல பாதி சரி. நான் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன், புத்தகம் படிச்சுப் பேசல. கண்ணால பாக்குறதைச் சொல்றேன்.

புதுசா ஒரு ஆள் வருவான். ஜிம்ல நல்லா தூக்குற பையன். மார்பு, தோள், கை எல்லாம் சும்மா செதுக்கி வச்சிருக்கும். தொங்குற பன்ச்சிங் பேக்ல விட்டுப் பாருங்க. தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறியிருக்கும். கிளவுஸுக்குள்ள முஷ்டியை ஒரு நொடி தளர்த்த மாட்டான். பல்லைக் கடிச்சு, மூச்சை அடக்கி, ஒவ்வொரு குத்தையும் பேக்கைக் கிழிக்கிற மாதிரி விடுவான். ஒன்றரை நிமிஷம், ஆள் முடிஞ்சான். கை இடுப்புக்கு இறங்கிடும். பக்கத்துல 55 கிலோ பையன் ஒருத்தன் பேசிக்கிட்டே ஆறு ரவுண்டு போவான். அவன் தோள் தொங்கிட்டு இருக்கும். குத்து படுற இடத்துல மட்டும்தான் முஷ்டி இறுகும்.

இதை எடை வித்தியாசம்னு சொல்லிடலாம். ஆனா அதே கனமான பையன் ஆறு மாசம் கழிச்சு நாலு ரவுண்டு போறான், எடை ஒரு கிலோ கூட குறையல. அப்போ மாறினது என்ன? இறுக்கம். அவன் சும்மா நிக்கும்போதும் செலவு பண்ணிட்டிருந்தான், இப்போ பண்ணல.

ஜோஷுவாவை உத்துப் பாருங்க. ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஆள், தெரியாதவர் இல்ல. ஆனா அடி விழுந்துட்டா தோள் ஏறிடும். உசிக் கை அப்படியில்ல. தொட்டுட்டு வரும், தொட்டுட்டு வரும், நடுவுல ஒண்ணு மட்டும் நிஜமா விழும். எது நிஜம்னு தெரியாம எதிராளி எல்லாத்துக்கும் உடம்பை இறுக்குவான். தன் தம்மைக் காப்பாத்துறது ஒரு வேலைன்னா, எதிராளி தம்மைக் கரைக்கிறது ரெண்டாவது வேலை. உசிக் ரெண்டையும் ஒண்ணாச் செய்யறார்.

ஃபிசியோ_அக்கா

சவுத்பா அண்ணன் கண்ணால பார்த்ததுக்கு உடலியல்ல காரணம் இருக்கு. தசை இறுகிப் பிடிச்சிருக்கும்போது அதுக்குள்ள ஓடுற சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கும். ரத்தம் சரியாப் போகாது. ரத்தம் போகாத தசைக்கு ஆக்சிஜனும் இல்லை, கழிவு வெளியேறவும் வழியில்லை. அசையாம கையை முகத்துக்கு முன்னாடி இறுக்கி வச்சிருக்கிறதே தோளைக் களைக்க வச்சிடும்.

இனி மூணாவது_மணி கேட்ட அந்த ஒரு நிமிஷம்.

தசையில் உடனே செலவழிக்க இருக்கிறது ஏடிபிங்கிற சக்தி மூலக்கூறு. சில விநாடிக்குத்தான் வரும். அதைச் சட்டுனு நிரப்பித் தர்றது கிரியேட்டின் பாஸ்பேட். முழு வேகத்துல வெளுத்தா அதுவும் பத்து விநாடி அளவுல வடிஞ்சிடும். ஒரே மூச்சுல ஆறேழு குத்து கொத்தா விடுறவர் இதைத்தான் செலவழிக்கிறார். திரும்ப நிரம்ப ஆக்சிஜன் வேணும். பாதி நிரம்ப சுமார் அரை நிமிஷம். முழுசா நிரம்ப மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம். குத்துச்சண்டை தர்றது ஒரு நிமிஷம்.

கிரியேட்டின் பாஸ்பேட் தீர்ந்த பிறகும் அடிச்சுக்கிட்டே இருந்தா, சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாம உடைக்கிற வழிக்கு உடம்பு போகும். இதுல லாக்டேட் சேரும். லாக்டேட்டை விஷம்னு பேசுறது பழைய கதை, இதயமே அதை எரிபொருளா எடுத்துக்கும். தொந்தரவு கூடவே சேர்ற அமிலத்தன்மையும் பாஸ்பேட்டும்தான். தசை சுருங்கும் வலுவை ரெண்டும் குறைக்கும். அமிலம் ஏறியிருந்தா கிரியேட்டின் பாஸ்பேட் நிரம்புறதும் மெதுவாகும். சுருக்கமா, முதல் சில விநாடி வெடிப்பு கைமாத்து, சீக்கிரம் திருப்பிடலாம். அதைத் தாண்டி அடிச்சது வட்டிக்கு வாங்கினது. ஒரு நிமிஷ ஓய்வுல வட்டிகூட அடையாது.

9வது ரவுண்டில் ஜோஷுவா வாங்கினது அந்த ரெண்டாவது வகை. உசிக் அடி வாங்கினார், ஆனா பெருசா செலவழிக்கல. வயித்துல விழுற அடி மூச்சைப் பிடிக்கும், வலிக்கும். ஆனா தசைச் சரக்கு உள்ளேயே இருந்தது. நல்ல இதயமும் நுரையீரலும் இருக்கிறவருக்கு ஒரு நிமிஷத்துல மூச்சு திரும்பிடும்.

தசை எங்கே வருதுன்னா, சும்மா இருக்கிற தசை ஆக்சிஜனை அள்ளிக் குடிக்காது. அந்த விஷயத்துல பிரியன் சொல்றது சரி. வேலை வாங்கும்போதுதான் கேட்கும். கால், இடுப்பு, முதுகு, தோள் எல்லாம் ஒரே நேரத்துல கேட்டா இதயம் அத்தனைக்கும் ரத்தம் அனுப்ப முடியாது. பத்து கிலோ தசை ஏத்தலாம், இதயத்தோட உச்சக் கொள்ளளவு அதே விகிதத்துல ஏறாது. வேகமாச் சுருங்குற தசை இழைகள் பருமனாகும்போது ரத்த நுண்குழாயிலிருந்து இழையோட நடுவுக்கு ஆக்சிஜன் போக வேண்டிய தூரமும் கூடும். கூடவே சூடு. உடம்பு பெருசாக ஆக ஒரு கிலோவுக்கு இருக்கிற தோல் பரப்பு குறையும், சூடு வெளியேறுறது கஷ்டம். விளக்குகளுக்குக் கீழே 47 நிமிஷம் (36 நிமிஷம் சண்டை, 11 நிமிஷம் ஓய்வு) நிக்கிற 110 கிலோ ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மூணாவது_மணி

அக்கா, அருமை. ஆனா கிளிச்கோ சண்டை இன்னும் இடிக்குது. அன்னிக்கும் 5வது ரவுண்டில் எல்லாத்தையும் கொட்டிட்டார். 6வதுல விழுந்தார். அப்புறம் எப்படி 11வது ரவுண்டில் அந்த அப்பர்கட் (கீழேர்ந்து தாடைக்கு ஏறுற குத்து) வந்தது?

வெம்பிளி_வாசி

அண்டைக்கு நான் நேரில நிண்டு பாத்தனான். கிட்டத்தட்ட 90,000 சனம். அஞ்சாம் ரவுண்டில கிளிச்கோவை விழுத்தினவுடன ஸ்டேடியமே எழும்பி நிண்டுது, முடிஞ்சுது எண்டுதான் எல்லாரும் நினைச்சது. ஆனா கிளிச்கோ எழும்பி நிண்டு திருப்பிக் குடுக்கத் தொடங்க, ரவுண்ட் முடியேக்க ஜோஷுவாவுக்குக் கையைத் தூக்கேலாமப் போச்சு. ஆறாம் ரவுண்டில வலது கை ஒண்டு நேரா வந்துது, ஆள் நிலத்தில.

உங்கட கேள்விக்கு மறுமொழி அதுக்குப் பிறகுதான் கிடக்கு. ஏழாம், எட்டாம் ரவுண்டுகளை திரும்பப் பாருங்கோ. கிளிச்கோ ஜாப் (முன்னால இருக்கிற கையால நேரா விடுற குத்து) போடுறார், தூரத்தில நிண்டு கணக்குப் பாக்கிறார். ஆளை முடிக்கப் போகேல்ல. 41 வயசு, தன்ர தம்மும் போயிடும் எண்ட பயமாக இருக்கலாம். அந்த ரெண்டு ரவுண்டையும் ஜோஷுவா சும்மா நிண்டு மூச்செடுக்கப் பாவிச்சார். அக்கா சொன்ன அந்த மூண்டு தொடக்கம் அஞ்சு நிமிசம் அவருக்கு அங்கதான் கிடைச்சுது. பிறகு பதினோராம் ரவுண்டில அப்பர்கட்.

உசிக் அந்த நேரத்தைக் குடுக்கேல்ல. அவ்வளவுதான் வித்தியாசம். ஜோஷுவா அதே ஜோஷுவா.

வியாசர்பாடி_சவுத்பா

வெம்பிளி அண்ணன் சரியான இடத்தைத் தொட்டார். மீண்டு வர்றது உன் கையில மட்டும் இல்ல, எதிராளி விடணும்.

பழைய_டேப்

தம்பிகளா, இவ்வளவு நேரம் பேசி ஜார்ஜ் ஃபோர்மன் பேரை யாரும் எடுக்கல. இந்த விவாத இழைக்கே அவர்தான் பதில்.

1974 அக்டோபர் 30, கின்ஷாசா. ஃபோர்மனுக்கு 25 வயது, 220 பவுண்டு, ஒரு துளி கொழுப்பு கிடையாது. எதிரே 32 வயது அலி, 216.5. எடையில் பெரிய வித்தியாசமே இல்லை, கவனியுங்கள். அதற்கு முன்னால் ஃபோர்மனின் பட்டச் சண்டைகள்: ஃபிரேசியர் இரண்டாவது ரவுண்டு, ரோமன் முதல் ரவுண்டு, நார்ட்டன் இரண்டாவது ரவுண்டு. மூன்றாவது ரவுண்டுக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை. அலி கயிற்றில் சாய்ந்து கையால் மூடிக்கொண்டார். ஃபோர்மன் அடித்துக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டில் விழுந்தார். 1977ல் போர்ட்டோ ரிக்கோ புழுக்கத்தில் ஜிம்மி யங்கிடம் 12 ரவுண்டில் தோற்று, உடை மாற்றும் அறையில் சுருண்டு விழுந்தார். அன்றோடு பத்து வருடம் கிளவுஸைத் தொடவில்லை.

இப்போது 1991 ஏப்ரலுக்கு வாருங்கள். அதே ஃபோர்மன், வயது 42, எடை 257, தொப்பை ஊரறிந்த விஷயம். எதிரே மேலே பிரியன் புகழ்ந்த ஹோலிஃபீல்ட், 208. ஃபோர்மன் 12 ரவுண்டும் தாக்குப் பிடித்தார். தாக்குப் பிடித்தது மட்டுமல்ல, ரவுண்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்காரவே இல்லை. நின்றபடியே மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பப் போனார். புள்ளியில் தோற்றார். மூன்று வருடம் கழித்து, 45 வயதில், 250 பவுண்டில், மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் படுக்க வைத்து மறுபடியும் சாம்பியன்.

இளமையில் செதுக்கிய உடம்பு எட்டு ரவுண்டு தாங்கவில்லை. கிழவனான பிறகு 37 பவுண்டு கூடி 12 ரவுண்டு தாங்கியது. இதற்கு "மசில்" என்றோ "எடை" என்றோ எப்படிப் பதில் சொல்வீர்கள்? கிழ ஃபோர்மன் அவசரப்படவில்லை. ஜாப், ஜாப், ஒரு வலது. கையைக் குறுக்காக மடித்து வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தார். தன் இதயம் எவ்வளவு தருமோ அந்த அளவுக்குள்ளேயே சண்டையை வைத்துக்கொண்டார்.

இரும்பு_பிரியன்

ஐயா, ஸ்டூல்ல உட்காராத விஷயம் எனக்குத் தெரியாது. செம. ஆனா 12 ரவுண்டு தாங்கினார், ஜெயிக்கலையே? மெதுவாப் போனா தம் இருக்கும், சரி. வேகமாப் போகவும் தெரியணும்ல?

பழைய_டேப்

நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த விளையாட்டில் உசிக் மாதிரி ஆட்கள் அபூர்வம்.

வெம்பிளி_வாசி

கிளிச்கோவும் ஃபோர்மன்ர கதைதான். 1998ல கீவில, சொந்தச் சனத்துக்கு முன்னால, ராஸ் ப்யூரிட்டியிட்ட பதினோராம் ரவுண்டில நிண்டபடி களைச்சுப் போய்த் தோத்தவர். 2004ல லாமன் பிரூஸ்டரை நாலாம் ரவுண்டில விழுத்திப்போட்டு, அஞ்சாம் ரவுண்ட் முடிவில தானே சரிஞ்சவர். அந்த நேரம் எல்லாரும் "இவருக்குத் தம் இல்லை, தாடை (அடி தாங்கிற பலம்) இல்லை" எண்டு எழுதி முடிச்சிட்டினம். பிறகு பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் அவரைத் திருத்தினார். ஜாப், தூரம், கிட்ட வந்தால் கட்டிப் பிடிச்சு மேல சாயிறது. பாக்க அலுப்புத்தான். நானே எத்தினை தரம் டிவியை நிப்பாட்டியிருக்கிறன். ஆனா 2006 தொடக்கம் 2015 வரை பட்டம் அவரிட்ட. உடம்பு மெலியேல்ல. செலவழிக்கிற விதம்தான் மாறினது.

ஜெட்டாவில தோத்த பிறகு ஜோஷுவா மைக்கைப் பிடிச்சுக் கதைச்சது ஞாபகம் இருக்கோ? நான் 14 ஸ்டோன் (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு) ஆள் இல்லை, 18 ஸ்டோன், கனமான ஆள், இது கஷ்டமான வேலை எண்ட மாதிரிச் சொன்னவர். எல்லாரும் சிரிச்சவை. எனக்கு அந்தக் கதை முழுக்கவும் உண்மை எண்டுதான் பட்டது. (தராசு சொன்னது பதினேழரை ஸ்டோனுக்கும் ஒரு சொட்டுக் குறைய. சரி, விடுங்கோ.)

ஃபிசியோ_அக்கா

கட்டிப் பிடிச்சுச் சாயிறதைப் பத்தி யாராவது எழுதுவாங்கன்னு காத்திருந்தேன். கூடுதல் எடைக்கு ஒரு நிஜமான பயன் அதுதான். வேகத்துக்கு எடை இடைஞ்சல். ஆனா எதிராளியோட கழுத்துல தொங்கும்போது அது அவங்க செலவு. 2020 பிப்ரவரியில் ஃபியூரி 273 பவுண்டு, வைல்டர் 231. ஃபியூரி முன்னாடி போய் குத்தி, பிடிச்சு, தோள்ல சாய்ஞ்சு, மறுபடி குத்தி, ஏழாவது ரவுண்டுக்குள்ள முடிச்சார். சாயும்போது மேலே இருக்கிறவருக்கு அது ஓய்வு, கீழே இருக்கிறவருக்கு அது பளு தூக்குறது. வைல்டர் அப்புறம் தன் நுழைவு உடை 40 பவுண்டுக்கு மேல கனம், கால் அதுல களைச்சுப் போச்சுன்னு சொன்னார். நடந்து வர்றதுக்கு உடை தூக்கினது கொஞ்சம், ஏழு ரவுண்டு ஃபியூரியைத் தூக்கினது எவ்வளவுன்னு அவர் கணக்குப் போடல.

இதே வித்தை உசிக்கிட்ட பலிக்கல. 2024 மே மாசம் ஃபியூரி 262. 9வது ரவுண்டில் தள்ளாடி, கீழே விழாம நின்னபடியே ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சார், மணிதான் காப்பாத்துச்சு. டிசம்பர் மறு சண்டைக்கு 281 பவுண்டோட வந்தார், உசிக் 226. மூணு நடுவரும் 116-112னு புள்ளி போட்டது உசிக்குக்கு. 55 பவுண்டு அதிகம்னாலும் சாயறதுக்கு ஆள் அங்கே நிக்கணும். உசிக் குத்தி முடிச்ச கணம் கோணம் மாறிடுவார்.

மூணாவது_மணி

அப்போ எடை குறைச்சா போதுமா? ஆண்டி ரூயிஸ் கூட மறு சண்டைக்கு ஜோஷுவா 247.75லேர்ந்து 237க்கு இறங்கி 12 ரவுண்டும் சுத்தமா ஆடினார்ல. மூணு நடுவர் புள்ளியும் 118-110, 118-110, 119-109.

பழைய_டேப்

எடை இறக்குவதிலும் ஆபத்து உண்டு. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை. எங்கள் தலைமுறையில் அதைப் பார்த்தேன் என்று சொல்லாத ஆளே கிடையாது. அத்தனை பேருக்கு அந்த ஸ்டேடியத்தில் இடம் இருந்திருக்காது. அந்தச் சமயத்தில் அவர் ஓய்வு பெற்றவர், உடம்பு பெருத்திருந்தது. அதே வருடம் அக்டோபர் 2, லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிரே வந்து நின்ற அலி 217.5 பவுண்டு. தலைமுடியில் நரையைக் காணோம், வயிறு ஒட்டியிருந்தது, 1974 அலி திரும்பி வந்துவிட்டார் என்று உலகமே நம்பியது. மணி அடித்ததும் தெரிந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை. தைராய்டு மாத்திரை கொடுத்து எடையை வடித்திருந்தார்கள். கால் நகரவில்லை, கை வரவில்லை. பத்து ரவுண்டு முடிந்ததும் அவருடைய கார்னர் (ரிங் மூலையில் இருக்கும் பயிற்சியாளர் குழு) சண்டையை நிறுத்தியது. ஹோம்ஸே அழுதார்.

கண்ணாடியில் நன்றாகத் தெரிகிற உடம்பு வேறு, 12 ரவுண்டு உடம்பு வேறு.

ராய் ஜோன்ஸும் அப்படித்தான். 2003 மார்ச்சில் 193 பவுண்டில் ஜான் ரூயிஸை ஜெயித்து ஹெவிவெயிட் பட்டம். நவம்பரில் திரும்ப 175க்கு இறங்கி டார்வரோடு. ஜெயித்தார், ஆனால் மூச்சு முட்ட ஜெயித்தார். அடுத்த மே மாதம் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் முடித்துவிட்டார். ஏற்றிய தசையை அவசரமாக இறக்கியதன் விலை அது என்பது என் கருத்து. வயதும் சேர்ந்திருக்கும்.

நல்லபடியாக ஏற்றியதற்கும் உதாரணம் இருக்கிறது. 1985 செப்டம்பர், மைக்கேல் ஸ்பிங்க்ஸ். 175 பவுண்டு லைட் ஹெவி சாம்பியன், 200க்கு ஏறி, 48 வெற்றி தோல்வியே இல்லாத ஹோம்ஸை ஜெயித்தார். அதுவும் 15 ரவுண்டு. மேக்கி ஷில்ஸ்டோன் என்பவர் தயார் செய்தார். நீண்ட ஓட்டத்தைக் குறைத்து வெட்டு வெட்டாக வேக ஓட்டம், பளு, உணவுக் கணக்கு. அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இரும்பு_பிரியன்

ஐயா 15 ரவுண்டுன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. "அந்தக் காலத்து ஆளுங்க 15 ரவுண்டு ஆடினாங்க, இப்போ 12க்கே நாக்கு தள்ளுது"ன்னு சொல்றவங்க மார்சியானோவோட எடையைப் பார்த்திருக்காங்களா? 1952ல வால்காட்டை 13வது ரவுண்டில் படுக்க வச்சப்ப 184 பவுண்டு. இன்னைக்கு அது ஹெவிவெயிட்டே இல்லை, குரூஸர். வரம்பே 200.

பழைய_டேப்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிலாவில் 1975ல் ஃபிரேசியரோடு மோதிய அலி 224.5. அந்தப் புழுக்கத்தில் 14 ரவுண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

இரும்பு_பிரியன்

சரி, இப்போ என் சொந்தக் கதை. நான் 104 கிலோ. ஏழெட்டு வருஷமா பளுதான். இப்போ அமெச்சூர் குத்துச்சண்டைக்கு இறங்கலாம்னு ஆசை, எடைக்கு உச்ச வரம்பே இல்லாத சூப்பர் ஹெவியில. ஸ்பாரிங்ல (பயிற்சிச் சண்டை) ரெண்டாவது ரவுண்டு நடுவுல கை கல்லு மாதிரி ஆயிடுது. பத்து கிலோ இறக்கணுமா?

வியாசர்பாடி_சவுத்பா

அதானே பாத்தேன், தம்பிக்கு ஏன் இவ்வளவு சூடுன்னு!

இறக்க வேண்டாம். அமெச்சூர்ல மூணு ரவுண்டு, தலா மூணு நிமிஷம். உன் உடம்பு அதுக்குப் பிரச்சினையே இல்ல. நீ குத்துற விதம்தான். முதல் ரெண்டு மாசம் பேக்கை பாதி பலத்துக்கு மேல அடிக்கக் கூடாதுன்னு வச்சுக்கோ. ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால "ஸ்ஸ்"னு சத்தம் வரணும். சத்தம் வரலைன்னா மூச்சை அடக்கிட்டேன்னு அர்த்தம். ஷேடோ (எதிராளி இல்லாம காத்துல குத்துறது) போடும்போது கண்ணாடியில தோளைப் பாரு, முஷ்டியைப் பாக்காதே. ஸ்கிப்பிங் தினம். 104 கிலோவைத் தூக்கிட்டு ரோட்ல பத்து கிலோமீட்டர் ஓடாதே, முட்டி போயிடும். மெதுவான நேரத்துக்கு சைக்கிள், இல்லைன்னா நீச்சல். உசிக்கே தூரமா நீந்துறவர்தான். வாரத்துல ரெண்டு நாள் மூணு நிமிஷம் வேலை, ஒரு நிமிஷம் ஓய்வுன்னு அடிச்சு ஆடு. பளுவை விட வேண்டாம், ஆனா பளு தூக்கின மறுநாள் ஸ்பாரிங் வைக்காதே.

அப்புறம் கார்னர். அந்த ஒரு நிமிஷத்தை எப்படிச் செலவழிக்கிறேன்னு யாரும் பசங்களுக்குச் சொல்லித் தர்றதில்ல. மணி அடிச்சா ஸ்டூலுக்கு நட, ஓடாதே. உட்காந்ததும் காலை நீட்டிடு. மவுத்பீஸ் வெளியே, டிரங்க்ஸ் இடுப்புப் பட்டையை வாத்தியார் இழுத்துப் பிடிப்பார், வயித்துக்கு இடம் கிடைக்கும். பின்னங்கழுத்துல ஐஸ். கையை மடியில போட்டுடு, கயித்துல தொங்கவிடாதே. முதல் பதினஞ்சு விநாடி நானும் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது. மூச்சை இழுக்கிறதுல கவனம் வேண்டாம், நீளமா விடுறதுல வை, உள்ள வர்றது தானா வரும். அப்புறம் ஒரு மடக்கு தண்ணி, ஒரே ஒரு விஷயம் சொல்வேன். மூணு விஷயம் சொல்ற கார்னர்ல நிக்காதே.

ஃபிசியோ_அக்கா

ஒரு சேர்க்கை. அந்த ஒரு நிமிஷத்துல நாடித்துடிப்பு எவ்வளவு இறங்குதுன்னு வாரா வாரம் குறிச்சு வைங்க பிரியன். ரவுண்டு முடிஞ்ச உடனே ஒரு எண், அறுபதாவது விநாடியில ஒரு எண். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அகலமாகிட்டே போனா தேறுறீங்க, எடை தராசு என்ன சொன்னாலும் சரி. திடீர்னு சுருங்கினா தூக்கம் போதலை இல்லைன்னா ஸ்பாரிங் அதிகமாயிடுச்சு.

இன்னொரு விஷயம், இதைக் கண்டிப்பாச் சொல்லணும். மூச்சு திரும்புறதும் தலையில அடி விழுந்து தெளியுறதும் ஒண்ணு இல்லை. 2018ல வைல்டர் 12வது ரவுண்டில் விழ வச்சப்ப ஃபியூரி எழுந்து நின்னாரே, அதைப் பார்த்து "பயிற்சி பண்ணினா நமக்கும் வரும்"னு நினைக்காதீங்க. தலையில் அடிபடுறதைப் பழக்கிக்க முடியாது. ஸ்பாரிங்ல கண் மங்கினா, அன்னிக்கு முடிஞ்சது. மறுநாள் தெளிவா இருக்கேன்னு திரும்ப ஏறக்கூடாது, மருத்துவர் பார்க்கணும்.

இரும்பு_பிரியன்

குறிச்சுக்கிட்டேன் அக்கா. அண்ணே, நீங்க சொன்ன பாதி பலம் விஷயம் நேத்தே முயற்சி பண்ணினேன். கை வலிக்கல, ஆனா ஈகோ வலிக்குது.

வியாசர்பாடி_சவுத்பா

அதுவும் தசைதான், தளரும்.

மூணாவது_மணி

கடைசியா ஒரு கேள்வி. அந்த 10வது ரவுண்டில் நீங்க ஜோஷுவாவோட கார்னர்ல இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

வியாசர்பாடி_சவுத்பா

"இந்த ரவுண்டைக் குடுத்துடு. ஜாப் போடு, பிடி, தோள்ல சாய், மூணு நிமிஷம் கடத்து. 11வதுல பாத்துக்கலாம்." கிளிச்கோ சண்டையில ரெண்டு ரவுண்டு அப்படித்தான் கடத்தினார். ஆனா அங்கே எதிராளி நின்னு யோசிச்சார். இங்கே பிடிக்கப் போனா ஆள் பக்கவாட்டுல இருப்பார். அதனால சொல்லியிருப்பேன், நடந்திருக்குமான்னு கேட்டா தெரியல. 9வது ரவுண்டில் அறுபது சதவீதத்தோட நிறுத்தியிருந்தா நடந்திருக்கலாம். ஆளைத் தள்ளாட வச்சிருக்கும்போது நிறுத்துன்னு எந்தக் கார்னரும் கத்த மாட்டான், நானும் கத்தியிருக்க மாட்டேன்.

வெம்பிளி_வாசி

10வது ரவுண்டைக் குடுத்திருந்தாலும் ஒரு நடுவர் 115-113 எண்டு ஜோஷுவாவுக்குத்தான் போட்டிருப்பார். அண்டைக்கும் அப்பிடித்தானே போட்டவர்.

பழைய_டேப்

அதற்குத் தனி இழை திறங்கள். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.